கடனே நிவாரணமா? காஷ்மீர் சுற்றுலா எழுப்பும் கேள்வி

புது தில்லி: கரோனா பெருந்தொற்றுக் காலத்தில் சுற்றுலாத் துறையைக் காக்க மத்திய அரசும் மாநில அரசுகளும் அடுத்தடுத்து அறிவித்த சலுகைகளைக் கூட்டிப் பார்த்தால், தொகை மலைக்க வைக்கும். ஆனால், அந்தத் தொகையில் பெரும்பகுதி எவர் கையிலும் பணமாகக் கொடுக்கப்படவில்லை. கடன், கடனுக்கு உத்தரவாதம், கடனுக்கான வட்டியில் சலுகை என்கிற மூன்று வடிவங்களிலேயே அது அறிவிக்கப்பட்டது. கடன் வாங்கும் தகுதி உடையவர்களுக்கு அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்களில் அந்தத் தகுதி உடையவர்கள் எத்தனை பேர் என்கிற கேள்வி மட்டும் அன்றும் கேட்கப்படவில்லை. இன்றும் விடை காணப்படவில்லை.

இந்தக் கேள்வியை வேறு எந்தப் பகுதியையும்விடக் கூர்மையாக எழுப்புவது காஷ்மீர். நாட்டின் பிற பகுதிகளில் சுற்றுலாவுக்கு நெருக்கடி 2020 மார்ச்சில் தொடங்கியது. காஷ்மீரில் அது அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

இரட்டை முடக்கம்

2019 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, அமர்நாத் யாத்ரிகர்களும் சுற்றுலாப் பயணிகளும் உடனடியாகப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறுமாறு ஜம்மு-காஷ்மீர் நிர்வாகம் அறிவுறுத்தியது. மூன்று நாள்களில் அரசியல் சாசனத்தின் 370-ஆவது பிரிவு வழங்கிய சிறப்பு அந்தஸ்து விலக்கிக் கொள்ளப்பட்டது. தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. பயணிகளுக்கான அறிவுறுத்தல் அக்டோபர் 10-ஆம் தேதிதான் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் கோடைக்காலத்தின் பிற்பகுதியும், இலையுதிர்காலத்தின் ஒரு பகுதியும் கழிந்துவிட்டன.

2019 ஆகஸ்ட் முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலான 120 நாள்களில் மட்டும் பள்ளத்தாக்கின் பொருளாதாரத்துக்கு ரூ.17,878 கோடி இழப்பு ஏற்பட்டதாகக் காஷ்மீர் வர்த்தக, தொழில் சபை மதிப்பிட்டது. இது வணிகர்களின் அமைப்பு வெளியிட்ட கணக்கு. அரசு அதை ஏற்றாக வேண்டும் என்பதில்லை. எனினும், அன்றைய நிலைமையின் கடுமையை உணர்த்த அந்த மதிப்பீடு போதுமானது.

இழந்ததை அடுத்த வசந்த காலத்தில் மீட்டுவிடலாம் என்று காத்திருந்தவர்களுக்கு, 2020 மார்ச்சில் கரோனா பொது முடக்கம் வந்து சேர்ந்தது. அமர்நாத் யாத்திரை 2020-இலும் 2021-இலும் ரத்து செய்யப்பட்டது. 2020 ஜூலை 14 முதல், விமானத்தில் வரும் பயணிகளை மட்டும் கட்டுப்பாடுகளுடன் அனுமதித்துச் சுற்றுலா மீண்டும் தொடங்கப்பட்டது. ஆனால், அந்த ஆண்டு முழுவதும் பள்ளத்தாக்குக்கு வந்த பயணிகள் சுமார் 41 ஆயிரம் பேர் மட்டுமே.

இன்னொரு தடையும் இருந்தது. துண்டிக்கப்பட்ட அதிவேக 4ஜி இணையச் சேவை, ஏறத்தாழ 18 மாதங்களுக்குப் பிறகு 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. முன்பதிவுகளில் பெரும்பகுதி இணையத்துக்கு மாறிவிட்ட காலத்தில், கைப்பேசியை மட்டுமே நம்பித் தொழில் நடத்திய சிறு விடுதிக்காரரும் படகு வீட்டு உரிமையாளரும் போட்டியில் பின்தங்கியதில் வியப்பில்லை.

ரூ.1,350 கோடி: போய்ச் சேர்ந்த இடம்

இந்தச் சூழலில்தான், துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹா 2020 செப்டம்பர் 19-ஆம் தேதி ரூ.1,350 கோடி மதிப்பிலான பொருளாதாரத் தொகுப்பை அறிவித்தார். மத்திய அரசின் "தற்சார்பு இந்தியா" திட்டச் சலுகைகளுக்கு மேல் கூடுதலாக வழங்கப்படுவது இது என்றும் விளக்கப்பட்டது.

தொகுப்பின் முக்கிய அம்சம், வணிகர்கள் பெற்றிருந்த கடன்களுக்கு ஆறு மாதங்களுக்கு 5 சதவீத வட்டி மானியம். இதற்கான செலவு மட்டும் ரூ.950 கோடி என மதிப்பிடப்பட்டது. அதாவது, மொத்தத் தொகுப்பில் பத்தில் ஏழு பங்கு. மின்சாரம், குடிநீர்க் கட்டணங்களில் ஓராண்டுக்கு 50 சதவீதத் தள்ளுபடிக்கு ரூ.105 கோடி. கைத்தறி, கைவினைத் தொழிலாளர்களுக்கான கடன் அட்டையின் உச்சவரம்பு ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது. சுற்றுலாத் துறைக்கென ஜம்மு-காஷ்மீர் வங்கி மூலம் தனிக் கடன் திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பு வந்த நேரம் பொருத்தமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் தவணைகளைச் செலுத்த ரிசர்வ் வங்கி அளித்திருந்த ஆறு மாத அவகாசம் 2020 ஆகஸ்ட் 31-ஆம் தேதியுடன் முடிந்திருந்தது. தவணைகள் மீண்டும் தொடங்கிய நேரத்தில் வட்டிச் சுமையில் ஒரு பகுதியை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது, கடன் வாங்கியிருந்த விடுதி உரிமையாளர்களுக்கும் போக்குவரத்து நிறுவனத்தினருக்கும் மூச்சுவிட இடமளித்தது.

ஆனால், வட்டி மானியத்தின் இயல்பு ஒன்று உண்டு. கடன் எவ்வளவு பெரிதோ, மானியமும் அவ்வளவு பெரிது. ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் ஆறு மாதங்களுக்கு 2.5 சதவீதம். அறிவிப்பின்படி கணக்கிட்டால், ரூ.2 கோடி கடன் வைத்துள்ள விடுதிக்குக் கிடைக்கும் பயன் ரூ.5 லட்சம். ரூ.10 லட்சம் கடன் உள்ள படகு வீட்டு உரிமையாளருக்கு ரூ.25 ஆயிரம். வங்கிக் கடனே இல்லாதவருக்கு எதுவுமில்லை.

தால் ஏரியில் ஷிகாரா வலிப்பவர், பஹல்காமில் மட்டக்குதிரையில் பயணிகளை ஏற்றிச் செல்பவர், குல்மார்கின் பனிச்சரிவில் சறுக்கு வண்டி இழுப்பவர், விடுதியில் தட்டு கழுவுபவர், பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வரும் சமையல்காரர் ஆகியோரில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கடன் இருந்தாலும் அது உறவினரிடமோ மளிகைக் கடையிலோ வாங்கியதாக இருக்கும். அந்தக் கடனுக்கு வட்டி மானியம் கிடையாது.

இவர்களுக்கு நேரடி உதவி முற்றிலும் இல்லாமல் போகவில்லை. 2021-இல் இரண்டாவது அலையின்போது, பதிவு செய்த கட்டுமானத் தொழிலாளர்களுடன் குதிரைக்காரர்கள், பல்லக்குத் தூக்குவோர், சுமை தூக்குவோர் ஆகியோருக்கும் இரண்டு மாதங்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்கப்படும் என்று நிர்வாகம் அறிவித்தது. அதாவது, ஒருவருக்கு மொத்தம் ரூ.2,000. அதுவும் பதிவு செய்திருந்தால்தான். முந்தைய ஆண்டு பெரிய விடுதிக்கு வட்டியில் கிடைத்த ரூ.5 லட்சத்துக்கும் இந்த ரூ.2,000-க்கும் இடையிலான தொலைவுதான், நிவாரணக் கொள்கை யாரை மனதில் கொண்டு வகுக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

தில்லியின் திட்டங்கள்

மத்திய அரசின் திட்டங்களும் இதே வழியில்தான் அமைந்தன. 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட ரூ.3 லட்சம் கோடி அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம், ஏற்கெனவே வங்கியில் கடன் உள்ள நிறுவனங்கள் அந்த நிலுவையில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன் பெற வழிசெய்தது. விடுதி, பயணம், சுற்றுலா ஆகிய துறைகளுக்கென இத்திட்டத்தின் மூன்றாவது பதிப்பு வந்தது 2021 மார்ச் இறுதியில்தான். அதில் கூடுதல் கடனின் அளவு 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் மேலும் ரூ.50 ஆயிரம் கோடி, விடுதி மற்றும் அது சார்ந்த தொழில்களுக்கென்றே ஒதுக்கப்பட்டு, மொத்த உத்தரவாத வரம்பு ரூ.5 லட்சம் கோடியானது. ரிசர்வ் வங்கியும் தன் பங்குக்கு 2021 ஜூனில், விடுதிகள், உணவகங்கள், பயண முகவர்கள் உள்ளிட்டோருக்கு வங்கிகள் கடன் வழங்க ரூ.15 ஆயிரம் கோடி நிதி வசதியை ஏற்படுத்தியது.

இந்த உத்தரவாதத் திட்டத்தில் காஷ்மீருக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. 2020 பிப்ரவரி 29-ஆம் தேதி நிலவரப்படி, கடன் தவணை 60 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. கரோனாவுக்கு முன்பு ஒழுங்காகத் தொழில் நடத்தியவர்களை அடையாளம் காண்பதே இதன் நோக்கம். கேரளத்திலோ ராஜஸ்தானிலோ கோவாவிலோ அந்தத் தேதி நியாயமானதாக இருக்கலாம். ஆனால், ஸ்ரீநகரில் 2020 பிப்ரவரி என்பது தொழில் முடங்கிய ஏழாவது மாதம். ஆறு மாதங்களாக ஒரு பயணியைக்கூடப் பார்க்காத விடுதிக்காரர் தவணை தவறியிருந்தால், அதற்கு அவருடைய நிர்வாகத் திறமையின்மை காரணமல்ல. எனினும், தில்லியில் வகுக்கப்பட்ட ஒரே அளவுகோல் அவரையும் வாராக் கடன்காரராகவே கருதியது. இரு முறை பாதிக்கப்பட்டவர், முதல் பாதிப்பின் காரணமாகவே இரண்டாவது பாதிப்புக்கான உதவியை இழக்கும் விபரீதம் இது.

சுற்றுலாத் துறைக்கென்றே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2021 ஜூன் 28-ஆம் தேதி அறிவித்த திட்டம் இன்னும் குறுகியது. அங்கீகாரம் பெற்ற சுற்றுலா நிறுவனங்களுக்கு ரூ.10 லட்சம் வரையிலும், அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளுக்கு ரூ.1 லட்சம் வரையிலும், முழு உத்தரவாதத்துடன், பிணை ஏதுமின்றிக் கடன் வழங்கப்படும் என்றார் அவர். நிபந்தனைகள் தாராளமானவை. ஆனால், அரசு குறிப்பிட்ட பயனாளிகளின் எண்ணிக்கை 10,700 வழிகாட்டிகள், சுமார் ஆயிரம் நிறுவனங்கள். அத்தனை பேரும் முழுத் தொகையைக் கடனாகப் பெற்றிருந்தாலும் மொத்தம் ரூ.200 கோடியை ஒட்டியே இருந்திருக்கும்.

இதே அரசின் சுற்றுலா அமைச்சகத்துக்காகத் தேசிய பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வு, முதல் அலையில் 1.45 கோடி, இரண்டாவது அலையில் 52 லட்சம், மூன்றாவது அலையில் 18 லட்சம் வேலைகள் பறிபோனதாக மதிப்பிட்டது. அந்தக் கணக்கை நாடாளுமன்றத்தில் தெரிவித்ததும் அரசுதான். மொத்தம் 2.15 கோடி வேலைகள் பறிபோன துறையில் 12 ஆயிரம் பேருக்கும் குறைவானவர்களைக் குறிவைத்த திட்டத்தை நிவாரணம் என்பதைவிட அடையாள நடவடிக்கை என்பதே பொருந்தும்.

முதல் 5 லட்சம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இலவச விசா என்பதும் அதே நாளின் அறிவிப்பு. இதற்கு ரூ.100 கோடி செலவாகும் என மதிப்பிடப்பட்டது. 2019-இல் 1.09 கோடியாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் வருகை, 2020-இல் 27 லட்சமாகவும் 2021-இல் 15 லட்சமாகவும் சரிந்தது. விசா கட்டணம் அந்தச் சரிவுக்குக் காரணமல்ல. வழக்கமான சர்வதேச விமானச் சேவை 2022 மார்ச் 27-ஆம் தேதிதான் மீண்டும் தொடங்கியது.

அரசுகளின் வாதம்

அரசுத் தரப்பிலும் வாதங்கள் இல்லாமல் இல்லை. வரி வருவாய் சரிந்த நேரத்தில் எல்லோருக்கும் பணம் கொடுக்க அரசிடம் நிதி இல்லை என்பது ஒன்று. உத்தரவாதத் திட்டத்தில் அரசு உடனடியாகச் செலவிட வேண்டியதில்லை. கடன் திரும்பாவிட்டால்தான் செலவு. ஆகவே, குறைந்த நிதியில் அதிகமானவர்களைச் சென்றடையும் வழி அது என்றார்கள். பதிவேடு இல்லாத துறையில் நேரடியாகப் பணம் கொடுத்தால் முறைகேடு நடக்கும் என்பது மற்றொன்று. ஜம்மு-காஷ்மீர் யூனியன் பிரதேசமாக்கப்பட்டுவிட்டதால், மாநிலங்களுக்கு நிதிக் குழு பரிந்துரைக்கும் வரிப் பங்கீடும் அதற்குக் கிடையாது. மத்திய அரசின் மானியத்தையே நம்பியிருக்கும் நிலை.

தொழில் தானாகவே மீண்டுவிட்டது என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மை இருக்கிறது. வெளிநாடு செல்ல முடியாத உள்நாட்டுப் பயணிகள் 2020-21 குளிர்காலத்தில் குல்மார்குக்குத் திரண்டனர். 2021 வசந்தத்தில் ஸ்ரீநகர் துலிப் தோட்டத்தை 2 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்வையிட்டனர். ஏப்ரல் இறுதியில் இரண்டாவது அலைக்கான ஊரடங்கு வந்தது. எனினும், சுற்றுலாத் துறையினருக்கு முன்னுரிமை அளித்துத் தடுப்பூசி செலுத்தப்பட்டதால், அந்த ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் பயணிகள் வரத் தொடங்கினர். அந்த ஆண்டில் பள்ளத்தாக்குக்கு வந்தவர்கள் சுமார் 6.65 லட்சம் பேர். புனித யாத்ரிகர்களையும் சேர்த்து ஜம்மு-காஷ்மீர் முழுவதற்குமான வருகை 2022-இல் 1.88 கோடி, 2024-இல் 2.36 கோடி என்று அரசுப் புள்ளிவிவரங்கள் கூறுகின்றன.

ஆனால், பயணிகளின் எண்ணிக்கை மீண்டதும் தொழிலாளர்களின் வாழ்க்கை மீண்டதும் ஒன்றல்ல. இரண்டு ஆண்டுகள் வருமானமின்றித் தாக்குப்பிடித்தவர்களைத்தான் இந்தப் புள்ளிவிவரம் காண்கிறது. குதிரையை விற்றுவிட்டுக் கூலி வேலைக்குப் போனவரும், படகைப் பழுதுபார்க்க முடியாமல் கைவிட்டவரும் இதில் இல்லை. தால், நிகீன் ஏரிகளிலும் ஜீலம் நதியிலும் உள்ள சுமார் 900 படகு வீடுகள் தேவதாரு மரத்தால் ஆனவை. பயணி வந்தாலும் வராவிட்டாலும் அடிப்பாகத்தைப் பழுதுபார்த்தாக வேண்டும். குளிர்காலத்தில் கூரையில் சேரும் பனியை அகற்றியாக வேண்டும். பராமரிப்பு நின்றால் படகு நீரில் மூழ்கும். விடுதியைப் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு திறக்கலாம். படகு வீட்டைப் பூட்டி வைக்க முடியாது.

கேரளம் இந்த வேறுபாட்டை ஓரளவு உணர்ந்தது. 2020-இல் அந்த மாநிலம் அறிவித்த ரூ.455 கோடித் திட்டமும் பெரும்பாலும் கடன்தான். ஆனால், அதற்கு வெளியே, படகு வீடுகளின் பராமரிப்புக்கு ஒரு முறை மானியமும், அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளுக்குத் தலா ரூ.10 ஆயிரமும் வழங்க முன்வந்தது. தொகை பெரிதல்ல. திருப்பிச் செலுத்த வேண்டாத பணம் என்பதே அதன் மதிப்பு.

கேட்க ஆளில்லாத காலம்

ஜம்மு-காஷ்மீரின் தொகுப்பு அறிவிக்கப்பட்டபோது அங்கே சட்டப்பேரவை இல்லை. 2018 ஜூனில் மெஹபூபா முப்தி அரசு கவிழ்ந்தது. நவம்பரில் பேரவை கலைக்கப்பட்டது. அடுத்த தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு ஒமர் அப்துல்லா தலைமையில் பதவியேற்றது 2024 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் யூனியன் பிரதேசத்தின் நிதிநிலை அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டன. ரூ.950 கோடி யாருக்குப் போகிறது, குதிரைக்காரருக்கு ஏன் ரூ.2,000 மட்டும் என்று ஸ்ரீநகரில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினரும் இல்லை. மற்ற மாநிலங்களில் எதிர்க்கட்சி செய்யும் பணியை அங்கே வர்த்தக சபைகள் செய்தன. அவை தங்கள் உறுப்பினர்களின் நலனைப் பேசின. அது இயல்பே. தொகுப்பு வணிகர்களின் கடன் சுமையை மையமாகக் கொண்டு அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்த முறைக்கு

இது பழங்கதை அல்ல. 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் பயங்கரவாதிகள் நடத்திய தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். பயணிகள் கூட்டமாக வெளியேறினர். பாதுகாப்புக் காரணங்களுக்காக, ஜம்மு-காஷ்மீரின் 87 சுற்றுலாத் தலங்களில் 48 மூடப்பட்டன. பின்னர் அவை பல கட்டங்களாகத் திறக்கப்பட்டன. மூடியது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால், மூடப்பட்ட தலத்தில் அன்றாடம் பிழைத்தவருக்கு என்ன வழி என்பதற்கு, கரோனாவுக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நிலையான ஏற்பாடு ஏதும் இல்லை.

அப்படியோர் ஏற்பாடு இந்தியாவுக்குப் புதிதல்ல. கடலோர மாநிலங்களில் ஆண்டுதோறும் 61 நாள்கள் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது. மீன்வளம் பெருகுவதற்காக, பொது நலன் கருதி, அரசே ஒரு தொழிலை நிறுத்தி வைக்கிறது. அதற்கு ஈடாக மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் அளிக்கப்படுகிறது. 2020 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மீன்வளத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. தொகை போதுமா என்பது வேறு விவாதம். அரசின் உத்தரவால் வேலை நின்றால் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்கிற கொள்கை அதில் ஏற்கப்பட்டுவிட்டது. அந்த மீனவரிடம் யாரும் வங்கிக் கடன் கணக்கைக் கேட்பதில்லை.

சுற்றுலாத் தொழிலாளருக்கும் இதே கொள்கையைப் பொருத்துவதில் என்ன தடை? பதிவேடு இல்லை என்கிற வாதம் 2020-இல் செல்லுபடியாகியிருக்கலாம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டு, 30 கோடிக்கும் அதிகமானோர் அதில் பதிவு செய்திருக்கிறார்கள். பஹல்காமின் குதிரைக்காரர்களும் ஸ்ரீநகரின் ஷிகாரா ஓட்டுநர்களும் உள்ளூர் நிர்வாகத்திடம் உரிமம் பெற்றுத்தான் தொழில் செய்கிறார்கள். ஒரு தலம் அரசு உத்தரவால் மூடப்படும் நாளிலிருந்து, அங்கு உரிமம் பெற்றவரின் வங்கிக் கணக்கில் நாள்கணக்கில் ஒரு தொகை சேரச் செய்வது தொழில்நுட்பரீதியாகக் கடினமானதல்ல.

கடன் திட்டங்களும் தொடரட்டும். ஆனால், தகுதி நாளை நாடு முழுவதற்கும் ஒன்றாக நிர்ணயிக்காமல், ஒவ்வொரு பகுதியிலும் நெருக்கடி தொடங்கிய நாளைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். படகு வீடுகளைப் போல நாளும் பராமரிப்பு தேவைப்படும் சொத்துகளுக்கு மானியம் தனியாக வேண்டும். வட்டி மானியத்துக்கு ஓர் உச்சவரம்பு விதித்தால், மிச்சமாகும் தொகையே கடன் இல்லாதவர்களின் நிவாரணத்துக்கு ஒரு தொடக்கமாக அமையும். இவை எவற்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை.

ஜம்மு-காஷ்மீரில் இப்போது பேரவை இருக்கிறது. ஆனால், முழு மாநில அந்தஸ்து இல்லாததால் அதன் நிதி அதிகாரம் வரம்புக்கு உட்பட்டது. ஆகவே, பொறுப்பு ஸ்ரீநகருடன் முடிந்துவிடுவதில்லை. பள்ளத்தாக்கில் இயல்பு நிலை திரும்பிவிட்டது என்பதற்குச் சான்றாகப் பயணிகளின் எண்ணிக்கையை நாடாளுமன்றத்தில் எடுத்துக்காட்டுவது மத்திய அரசின் வழக்கம். அந்த எண்ணிக்கையைப் பெருமையுடன் சொல்லும் அரசுக்கு, அது சரியும் ஆண்டில் அந்தப் பயணிகளைச் சுமந்தவர்களின் கணக்கையும் ஏற்கும் கடமை உண்டு.